பாதி ஆள்

க்ளைபெடா துறைமுகத்தில் பளுதூக்கிகள்
பனி பிடித்து நிற்கும் பிப்ரவரி.
அரங்கத்துக்குள், பெஞ்சின் ஐந்தாவது நாற்காலியில்
முழங்காலுக்கு வெந்நீர்ப் பை கட்டி
உட்கார்ந்திருக்கிறேன்.
முழங்கால் ஆறினால் கையும் ஆறிவிடும் எனக்கு.

எதிரே ஸ்கிர்மந்தாஸ்,
ஷௌலேய் அணியின் கார்டோடு.
நிழல் மாதிரி என்று சொன்னால் போதாது,
நிழலாவது உச்சிவெயிலில் சுருங்கும்.
இடுப்பைத் தாழ்த்தி, தோளால் மறித்து
இடது காலை முதலில் வைக்கிறான்.
எப்போதும் இடது கால்தான்.
முதல் பத்து நிமிடத்தில் அவர்கள் எடுத்தது பதினொன்று,
நாங்கள் எடுத்தது ஒன்பது.
வேலி பலமாகத்தான் இருக்கிறது,
உள்ளே விளைச்சல்தான் இல்லை.

“யோரிஸ்” என்கிறார் ரிம்கௌதாஸ்,
என் பக்கம் திரும்பாமலே.
ஜாக்கெட் பித்தான்கள் ஒரே இழுப்பில் படபடக்கின்றன.

மூலையிலிருந்து மூன்று. மறுபடி மூன்று.
பலகையில் தட்டி இரண்டு.
அரங்கம் என் பெயரை நீட்டி இழுக்கிறது.
அதே ஆறு நிமிடத்தில்
ஷௌலேய்க்காரர்கள் என்னைத் தேடித் தேடி வருகிறார்கள்,
கடன் வாங்கியவன் வீட்டை விசாரித்து வருகிறவர்கள் போல.
எட்டு கொடுத்தேன், பத்து விட்டேன்.
சாண் ஏறி முழம் சறுக்கிய கணக்கு
மேலே சிவப்பாக எரிகிறது.

எங்கள் கோச் ஒரு காலத்தில்
துறைமுகச் சுங்கத்தில் எடை பார்த்தவர்.
இப்போதும் லாரியைத் தராசில் ஏற்றி இறக்குவது போலத்தான்
எங்களை ஏற்றி இறக்குகிறார்.
விசில். பந்து எங்களுடையது, நான் உள்ளே.
விசில். பந்து அவர்களுடையது, அவன் உள்ளே.
கோட்டருகே கடக்கும்போது
உள்ளங்கை தட்டிக்கொள்கிறோம்,
ஈரம் மட்டும் கைமாறுகிறது.
ஆறு மாதமாக ஒரே அணி,
ஆட்டத்தில் இதுவரை அவனுக்கு
ஒரு பந்துகூட நான் கொடுத்ததில்லை.
இரண்டு பாதி சேர்ந்து ஒரு ஆள்.
சம்பளம் மட்டும் இரண்டு,
அதுவும் தாமதமாக.

ஒரு புள்ளி பின்னால். வலது மூலை. சுட்டேன்.
கோட்டை மிதித்துவிட்டேனாம், மூன்று இல்லை, இரண்டு.
போதும். எழுபத்து நான்கு, எழுபத்து மூன்று.
மிச்சம் ஒன்பது நொடி.

ஸ்கோரர் மேஜை முன்னால்
ஜாக்கெட்டைக் கழற்றிப் போட்டுக் குந்தியிருக்கிறான் ஸ்கிர்மந்தாஸ்,
உள்ளே வர.
வர முடியாது.
டைம் அவுட் தீர்ந்த ஷௌலேய்
ஆள் மாற்றாமலே பந்தை எறிந்துவிட்டது.
அவர்கள் மாற்றாமல் நாங்கள் மாற்றக் கூடாது, விதி.

கார்டு நேரே என்னிடம் வருகிறான்.
சிரித்துக்கொண்டா வந்தான்?
இருக்கலாம்.
“இடது! இடது!”
வெளியே ஒரு தொண்டை கிழிகிறது.
வைத்தேன்.
அவன் வைப்பது போல இல்லை,
கொஞ்சம் அகலமாக, கொஞ்சம் பிந்தி.
நெஞ்சில் தோள் இடித்தது.
என் விரல்களுக்கு மேலே போன பந்து
வளையத்தின் பின்விளிம்பில் பட்டு,
யோசித்து,
வெளியே விழுந்தது.

நான் தடுத்ததா, அவன் தவறவிட்டதா,
புள்ளிவிவரத் தாளில் அதற்குக் கட்டம் கிடையாது.

பின்னிரவு. பூண்டு தேய்த்துப் பொரித்த
கறுப்பு ரொட்டித் தட்டு நடுவில் இருக்க,
ஸ்கிர்மந்தாஸ் கேட்டான்:
“அந்த ஒன்பது நொடி வெளியே குந்தியிருந்ததில்
வயிறு கலங்கிவிட்டது எனக்கு.
வாரத்துக்கு இரண்டு ராத்திரி
எப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாய் நீ?”

வாய் நிறைய ரொட்டி.
ஆறிப்போன வெந்நீர்ப் பையை எடுத்து
அவன் மடியில் வைத்தேன்.