ஏவல்

வில்யாந்தி நகரக் கல்லறை அலுவலகத்தின்
நிலவறையில் இருக்கிறது அந்த சர்வர்.
எஸ்தோனியப் பெயர்கள் முப்பத்தோராயிரத்துச் சொச்சம்,
பிறந்த நாள், இறந்த நாள், வரிசை, மனை எண்.
கடைசியில் ஒரு பத்தி: யார் பணம் கட்டுகிறார்கள்.

பிப்ரவரி. ஒரு முழ ஆழத்துக்கு மண் கல்லாகக் கிடக்கிறது.
குழி வெட்டும் கால்யு முந்தின இரவே
தகரப் பெட்டியின் கீழ் கரி மூட்டி வைத்து
காலையில்தான் கடப்பாரையைத் தொடுவார்.
அவர்தான் முதலில் கவனித்தது:
நனைந்த கையுறையை சர்வர்மேல் போட்டால்
ஒரு தேநீர் குடிப்பதற்குள் காய்ந்துவிடுகிறது.

"இந்தக் குளிருக்கு உன் பெட்டி நல்லா வேலை செய்யுது."

ஊர்வே சிரித்தாள். பாதியில் நிறுத்தினாள்.
வாரத்துக்கு இரண்டு சாவு. ஒன்றைப் பதிய
எந்திரத்துக்கு ஒரு கண் சிமிட்டும் நேரம் அதிகம்.
எதற்கு இதற்கு இப்படி வியர்க்கிறது?

ஓட்டை இருப்பதாக அறிவிப்பு வந்து பத்தொன்பது நாள்.
பேட்ச் வந்தும் பத்தொன்பது நாள்.
மாதத்தின் முதல் திங்கள்தான் மாற்றம் செய்யலாம்
என்பது நகர மன்றத்தின் விதி.
முதல் திங்களன்று அவளுக்குக் காய்ச்சல்.

பெயர் கேட்கும் இடத்தில்
இத்தனை எழுத்துக்கு மேல் கூடாதென்று அளந்து பார்க்க
யாரோ எங்கோ என்றோ மறந்திருந்தார்.
நீளப் பெட்டியைக் குட்டைக் குழியில் இறக்கினால்
பக்கத்து மனைக்குள் கால் நீட்டும் அல்லவா,
அப்படித்தான்.
நீட்டிய கால் அங்கே எழுந்து நின்று
வேலை சொல்லத் தொடங்கிவிடும்,
கடவுச்சொல் கேட்கும் முன்பே.

தமிழில் இதற்கு ஒரு சொல் இருப்பது ஊர்வேக்குத் தெரியாது.
வா, போ, செய்: இலக்கணத்தில் அது ஏவல்.
முகம் காட்டாமல் அடுத்த வீட்டுக்குள்
எதையோ அனுப்பி வைப்பதும் ஏவல்தான்.
எலுமிச்சை இல்லை, முட்டை இல்லை,
ஊசி குத்திய பொம்மை இல்லை.
நாலாயிரம் எழுத்தில் ஒரு பெயர்.
வாசலில் நின்று கேள்விபோலக் கேட்டது;
உள்ளே போனதும் கட்டளையாயிற்று.

அறிவிப்பு வந்த மூன்றாம் இரவு, மணி மூன்று பதினாலு.
வந்தவர் எந்த ஊரோ.
பெயர்களைத் தொடவில்லை,
ஒருவரையும் அழிக்கவில்லை, ஒருவரையும் எழுப்பவில்லை.
மூலையில் ஒரு நிரலை உட்கார்த்திவிட்டுப் போயிருந்தார்.
அது நாணயம் தோண்டிக்கொண்டிருந்தது,
இரவும் பகலும், கடப்பாரை இல்லாமல்,
இத்தனை பேர் படுத்திருக்கும் இடத்தில்.

கேபிளைப் பிடுங்கினாள்.
எல்லாவற்றையும் துடைத்து, பேட்ச் போட்டு
(அதற்கு நாலே நிமிடம்)
ஜனவரிக் காப்புப்பிரதியை ஏற்றினாள்.
அதற்குப் பிறகு செத்த ஐந்து பேர்
அதில் இன்னும் சாகவில்லை.

கால்யுவின் நோட்டை வாங்கினாள், ஓரமெல்லாம் மண்.
ஒவ்வொருவராக மறுபடி உள்ளே அனுப்பினாள்.
ஒவ்வொரு பெயரையும் அடிக்கும் முன்
விரல் தானாக எழுத்தை எண்ணியது.
லெயிடா, ஐந்தெழுத்து. அவர் கணவர்
ஒரு வாரம் கழித்து, ஏழெழுத்து.
பக்கத்துப் பக்கத்து மனை.
அளவுக்கு உள்ளேதான் இருந்தார்கள், எல்லாரும்.

மறுநாள் காலை கால்யு கையுறையை எடுத்துப் பார்த்தார்.
ஐந்து விரலும் தனித்தனியாக விறைத்திருந்தன.

"பெட்டி கெட்டுப்போச்சா?"

"சரியாயிடுச்சு" என்றாள்.