செல்லும்

லீசாக் வீதிச் சந்தியில் நடப்பவர்களுக்கான விளக்கு
ஒன்பது வினாடி பச்சையாக இருக்கும்.
முழங்கால் மாற்றிய பிறகு எனக்குப் பதின்மூன்று வேண்டும்.
நகரசபைக்கு மூன்று கடிதம் எழுதினேன்,
வரைபடம், சராசரி எல்லாம் வைத்து.
கவனத்தில் எடுக்கப்பட்டது என்று மூன்று பதில்.
இருபத்தேழு வருடம் கணிதம் படிப்பித்தவளுக்குத் தெரியும்,
கவனத்தில் எடுப்பது விடை அல்ல.

அதனால்தான் ரெகுலா சவுக் பிளம்ஸ் கேக்கோடு வந்து
கட்சிப் பட்டியலில் பதினேழாம் இடம் காலி என்றபோது
சரி என்றேன்.
பெண், அகதியாய் வந்தவள், ஆசிரியை:
ஒரு கல்லில் மூன்று மாங்காய் என்று நினைத்தார்கள்.
மாங்காய்க்கும் ஒரு கணக்கு இருக்கும்.

பெயர்தான் சிக்கல்.
யோகமங்களம் கேதீஸ்வரநாதன்.
அப்பா வைத்ததும் இவர் கொண்டுவந்ததும் சேர்ந்து
சுவரொட்டியில் என் முகத்தைவிட அகலம்.
சுருக்கலாமா என்று கேட்டான் அச்சகத்துப் பொடியன்,
பூர்க்டோர்ஃப் பிள்ளைகள் எல்லாம்
ஃபிரவ் கேதி என்றுதானே கூப்பிட்டோம்?
பின்னத்தைச் சுருக்கலாம், ஆளைச் சுருக்கக் கூடாது என்றேன்.

சந்தையில் சீஸ் கடைக்கும் பூக்கடைக்கும் நடுவே
துண்டுப்பிரசுரத்தோடு நின்றேன். மழை.
ஒரு கிழவர் வாங்கி, படித்து, நான்காக மடித்துத்
தன் சப்பாத்துக்குள் வைத்துக்கொண்டார். ஓட்டையாம்.
ஒரு பெண் உங்கள் ஜெர்மன் நன்றாக இருக்கிறது என்றாள்.
அவளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்ததே அந்த ஜெர்மனில்தான்.
மறந்துவிட்டாள், வாய்ப்பாட்டையும் சேர்த்து.

பேயாட் ஏஷ்லிமான் வந்தான். குழாய் வேலை செய்கிறவன்.
தொண்ணூற்றொன்பதில் எட்டாம் வகுப்பு.
வழி சரி, விடை சரி,
சென்டிமீட்டர் என்று எழுதவில்லை என்று
அரைப் புள்ளி வெட்டினீர்களே, நினைவிருக்கிறதா?
இல்லை என்றேன். இருந்தது.

இங்கே வாக்குச்சீட்டில் பிடிக்காத பெயரை வெட்டலாம்.
பிடித்த பெயரை இரண்டு தரம் எழுதலாம்.
வெறுஞ்சீட்டில் கையாலும் எழுதலாம்.
ஆயுளெல்லாம் சிவப்புப் பேனா பிடித்தவளைத் திருத்த
ஊரே பேனாவோடு உட்கார்ந்தது.

வாக்கெண்ண நகரம் கூப்பிட்டவர்களில் பேயாட்டும் ஒருவன்.
சொல்லக்கூடாது.
அடுத்த கிழமை எங்கள் குழாய் திருத்த வந்தபோது
தலையைத் தொட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு சொன்னான்:
உங்கள் பெயரைப் பதினொரு விதமாக எழுதியிருந்தார்கள்.
ஜோகா மங்கலா. கேட்டிஸ்வரன். யோகமங்கோ.
ஒருவர் வெறுமனே, கணக்குக்காரி கேதி.
மேசையில் ஐந்து பேர், ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தோம்.
யாரைச் சொல்கிறார்கள் என்பது தெளிவு.
செல்லும் என்றோம். பதினொன்றும் செல்லும்.

துவாயைப் பிடித்தபடி நின்றேன்.
அரைப் புள்ளிகூட வெட்டவில்லையா?
தொட்டிக்கு அடியிலிருந்து சிரிப்பு மட்டும் வந்தது.

வெட்டியவர்களும் உண்டு,
அவன் மேசையில் மட்டும் நாற்பத்தேழு.
சிலர் அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்திருந்தார்களாம்.
அப்படி ஒரு நேர்கோடு.
என்னிடம் படித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

வைகையில் விட்ட ஏடு எதிரேறியது என்பார்கள்.
எம்மே ஆற்றில் என் ஏடு ஏறவில்லை,
அடித்துக்கொண்டும் போகவில்லை. கரையோரம் ஒதுங்கியிருக்கிறது.
பட்டியலில் இரண்டாவது மாற்று ஆள் நான்.
வென்றவர்களில் இரண்டு பேர் ஊர் மாறினால்,
நோயில் விழுந்தால், சலித்துப்போனால் என் முறை.
அவர்கள் நன்றாக இருக்கட்டும். மனதாரத்தான் சொல்கிறேன்.
ஆனாலும் ரெகுலா இரண்டு நாளாக இருமுகிறாள்.

இன்று காலை லீசாக் வீதி.
நான் இன்னும் நடுவில்தான், விளக்கு சிவப்பாகிவிட்டது.
பால் வண்டிக்காரன் ஹோர்ன் அடித்தான், பிறகு
ஆளை அடையாளம் கண்டு கையைத் தூக்கினான்.
வீட்டுக்கு வந்து நான்காவது கடிதத்தைத் தொடங்கினேன்.
பதின்மூன்று என்று எழுதி
கொஞ்சம் யோசித்து
பக்கத்தில் எழுதினேன்: வினாடி.