பத்துக் கெஜச் சங்கிலி

வாரநாளில் நான் சோளம் நிறுப்பவன்.
ரயிலடிக் களஞ்சியத்தில் லாரி ஏறி நிற்கும்,
முள் அசைந்து ஓயும், எழுதிக் கொடுப்பேன்.
சனிக்கிழமை மதியம் ஆரஞ்சு நிறக் கோலைப் பிடிப்பேன்.
மறுகோல் மெர்ல் ஹுசெக்கிடம்.
நடுவில் பத்துக் கெஜம் சங்கிலி.

ஃபுட்பால் என்று பெயர்தான்,
காலுக்கு அங்கே வேலை குறைவு.
நாலு வாய்ப்பு, பத்துக் கெஜம்.
நகர்ந்தால் இன்னும் நாலு,
நகராவிட்டால் பந்து அடுத்தவனுக்கு.
அதனால் நாலாவதில்
புத்தியுள்ளவர்கள் பந்தைத் தூர உதைத்துத் தொலைப்பார்கள்.
பழைய கோச் ஹாலிங் பதினாறு வருஷம் உதைத்தார்,
நாங்களும் பதினாறு வருஷம் கைதட்டினோம்.
பாதி ஆட்டம் தோற்றோம்.
யாருக்கும் பெரிய மனக்குறை இல்லை.

பிப்ரவரியில் அவரை அனுப்பிவிட்டு
லூசியானாவிலிருந்து லமார் திபோவைப் பிடித்து வந்தார்கள்.
காரைவிட்டு இறங்கியவன்
நெப்ராஸ்காக் காற்று முகத்தில் பட்டதும்
மறுபடி காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டானாம்.
பெட்ரோல் பங்கில் சொல்லிச் சிரித்தோம்.
சிரிப்பு செப்டம்பர் வரை.

திபோ உதைப்பதில்லை.
சொந்த வாசற்படியில் நின்றாலும் உதைப்பதில்லை.
முதல் ஆட்டம் போயிற்று. இரண்டாவது. மூன்றாவது.
நாலாவதில் நாற்பத்தெட்டுக்கு ஆறு.
சர்ச்சில் அந்தக் குடும்பம் உட்கார்ந்த பெஞ்சில்
இரண்டு பக்கமும் இடம் காலியாகக் கிடந்தது.
எனக்கு மட்டும் வேலை பெருகியது.
முன்பெல்லாம் சீசனுக்கு மூன்று தரம் அளக்கக் கூப்பிடுவார்கள்,
இப்போது ஒரே மதியத்தில் ஐந்து.
மெர்லுக்கு முழங்கால் வலி.
திபோவைத் திட்டிக்கொண்டே கோலைத் தூக்கி ஓடுவான்.

ஒன்று சொல்ல வேண்டும்.
சங்கிலிக்காரன் நிற்பது எதிரணியின் பக்கம்.
எங்கள் கோச் எனக்கு எப்போதும்
ஐம்பத்து மூன்று கெஜத்துக்கு அப்பால், கட்டைவிரல் உயரம்.
எதிராளி கோச்சின் மூச்சோ என் காதில்.
அக்டோபரில் அந்த மூச்சு மாறிற்று.
"உதைக்க மாட்டான், உதைக்க மாட்டான், இறங்கி நில்லுங்கடா!"
முள் நகர்வதைப் பார்த்தே சம்பளம் வாங்குகிறவன் நான்.
நகர்ந்தது.

வரிசையாக ஐந்து வெற்றி.
பெஞ்ச் நிரம்பிவிட்டது.

கடைசி ஆட்டம், பனி.
கோடு எங்கே என்று துடைப்பத்தால் கூட்டிப் பார்த்தார்கள்.
நாலு புள்ளி பின்னால். ஐம்பது வினாடி.
நாலாவது வாய்ப்பு, ஒரு கெஜம்.
மாட்டு வைத்தியம் படிக்கிற டக்ஸ்டாட்
பந்தை வயிற்றோடு அணைத்து ஆட்குவியலுக்குள் நுழைந்தான்.
குவியலைப் பிரித்து முடித்து
நடுவர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்.

மெர்ல் ஊன்றிக்கொண்டான்.
நான் கோலோடு நடந்தேன்.
முப்பது வருஷம் ஒரே தெருவில் இருக்கிறோம்,
அவன் கண் கேட்டது எனக்குப் புரிந்தது.
ஒரு விரற்கடை தளர விட்டால் போதும்,
இந்தப் பனியில் யாருக்குத் தெரியும்.

இழுத்தேன்.
சங்கிலி விறைத்து நின்றது.
பந்தின் மூக்குக்கும் கோலுக்கும் இடையே
ஒரு சோளமணி புகும்.

மைதானத்தைக் குறுக்கே கடந்து திபோ வந்தார்.
இமையில் பனி. நினைத்ததைவிடக் குள்ளம்.
மண்டியிட்டு அந்த இடைவெளியைப் பார்த்தார்.
"இவ்வளவுதானா" என்றார்,
பந்திடமா, என்னிடமா, தெரியவில்லை.
முழங்காலைத் தட்டாமலே எழுந்து நடந்தார்.

ஐந்து வெற்றி, ஐந்து தோல்வி.
ஹாலிங் கணக்குதானே என்று பேப்பரில் எழுதினார்கள்.
கூட்டிப் பார்த்தேன், சரிதான்.

திங்கட்கிழமை ஒரு லாரிக்காரன் ஜன்னலில் தலையை நீட்டினான்:
"அடுத்த வருஷமும் உதைக்க மாட்டாராமே?"
எடைச்சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

மெர்ல் என்னோடு பேசுவதில்லை.
சங்கிலி என் வண்டியின் பின்பக்கம் கிடக்கிறது,
இன்னும் ஈரமாக.