இரண்டு மூச்சு குறைய

முந்நூற்று நாற்பது கிராம்.
கடைக்காரன் தராசில் வைத்துக் காட்டினான்,
மீன் விற்பவன் போல.
சுருட்டினால் ஒரு ரொட்டி அளவு.

ஊனா ஏற்கெனவே பல்துலக்கியின் கைப்பிடியைப்
பாதியாக அறுத்துவிட்டாள்.
தேநீர்ப் பைகளின் நூலைக்கூட விடவில்லை.
நாங்கள் பிரிந்து ஆறு வருடமாகிறது.
மலைக்கு மட்டும் சேர்ந்து வருகிறோம்,
இருவர் சுமந்தால் கூடாரத்தின் எடை பாதி என்பதால்.

நொய்டார்ட். எட்டு நாள். சாலை இல்லாத பக்கம்.

முதல் இரவு
இருபத்தாறு மூச்சு ஊதினேன்.
விறைத்து நின்றது காற்றுப்பாய்,
தட்டினால் டமாரம்.
நான் ஒருக்களித்துப் படுக்கிறவன்.
ஐம்பத்து மூன்று வயது, கனத்த இடுப்பு.
ஓபன் துறைமுகத்தில் பகலெல்லாம்
இரும்புத் தளத்தில் நின்று
கப்பலேறும் கார்களுக்குக் கைகாட்டும் உத்தியோகம்.
பாய்க்கு என்னைப் பிடிக்கவில்லை.
புரண்டால் சிப்ஸ் பாக்கெட்டைக் கசக்கும் ஓசை.
"ரூவரி, இந்நேரத்தில் என்ன தின்கிறாய்?"
என்றாள் இருட்டுக்குள்ளிருந்து.

தரை ஓடைப்பக்கம் சரிந்திருந்தது.
விடிவதற்குள் மூன்று முறை
கூடாரத்தின் காலடியில் கிடந்தேன்,
பாய் மட்டும் தலைமாட்டில், நிம்மதியாக.

மறுநாள் ஊனா இடம் பார்த்தாள்.
மேட்டுப் பக்கம் தலை. ஹெதர் புதர் மெத்தென்ற இடம்.
முழங்கால்களுக்கு நடுவே கம்பளிச் சட்டை,
தலைக்கு மழை அங்கி, பாதத்துக்கு வெந்நீர்ப் புட்டி.
எல்லாம் உதவின.
இடுப்பெலும்பு மட்டும்
தன் வழக்கை வாபஸ் வாங்கவில்லை.
மலைக்கு அப்பால் ஒரு ஆண் மான்
துருப்பிடித்த கதவு போலக் கத்திக்கொண்டிருந்தது.
செப்டம்பர், இணை தேடும் காலம்.
அதற்காவது விழித்திருக்க ஒரு காரணம் இருந்தது.

மூன்றாம் இரவு.
ஒன்பது மணிக்குப் பலகைமேல் படுத்தேன்.
நாலு மணிக்கு வெறுந்தரையில் விழித்தேன்,
விலாவில் சேற்றின் குளிர்.
எங்கோ ஓட்டை.
ஆனால் நடுவில்,
சத்தியமாகச் சொல்கிறேன், தூங்கியிருந்தேன்.
கனவுகூட வந்தது:
கப்பலின் சாய்தளம் பிசைந்த மாவாகிவிட்டது,
கார்கள் செருப்பைக் கழற்றிவிட்டு
நுனிக்காலில் ஏறின.

காலையில் பாயை ஊதி ஏரியில் அமிழ்த்தினோம்.
உறையும் தண்ணீர். ஊனாவின் விரல்கள் சிவந்தன.
ஓரத்துத் தையலருகே
குமிழ் குமிழாக வந்தது குற்றவாளியின் வாக்குமூலம்.
நகத்தளவு ஒட்டு ஒன்றை வைத்து அழுத்தினாள்.
வேண்டாம் என்று வாய்வரை வந்தது.
கேட்டிருந்தால் சிரித்திருப்பாள்:
பலகைக்கும் தரைக்கும் நடுவே
எந்த நேரத்தில் அது படுக்கையாக இருந்தது
என்று எப்படிக் கேட்பது?

நாலாம் இரவு நானே தேடினேன்.
முழுக்க ஊதி, ஒருக்களித்து,
வால்வின்மேல் ஒரு விரல்.
புஸ்.
தோள் கொஞ்சம் இறங்கியது.
புஸ்.
இடையின் பள்ளத்துக்குக் காற்று தானாக வந்து சேர்ந்தது.
இடுப்புக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன்.
தரைக்கு இன்னும் இரண்டு விரற்கடை மிச்சம்.
அங்கே நிறுத்தினேன்.

"காற்றைத் திறந்துவிட்டா படுக்கிறாய்?
குளிரில் சாவாய்" என்றாள்.
பாய்மரப் படகில் என்னைப் பார்த்து
கயிற்றைத் தளர்த்து, பாய் கிழியும்
என்று எத்தனை கோடை கத்தியவள்!
அவளுடைய இந்தப் பாய் மட்டும்
முழுக்கப் புடைத்து,
அவளை விளிம்பில் வைத்திருந்தது,
கைகளை மார்பில் கட்டி, மல்லாந்து.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாமலிருக்க எனக்கு ஆறு வருடப் பயிற்சி.

மழை கூடாரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது.
எவ்வளவு நேரமோ.
அவள் பக்கத்திலிருந்து,
யாருக்கும் கேட்கக் கூடாதென்ற கவனத்தோடு
ஒரு புஸ்.
கொஞ்சம் பொறுத்து
இன்னொன்று.
பிறகு அவள் என் பக்கமாகவோ
அந்தப் பக்கமாகவோ
ஒருக்களித்துக்கொள்ளும் ஓசை.

மான் கத்தியிருக்கும்.
விடியும்வரை எதுவும் காதில் விழவில்லை.