அட்டையில் ஐம்பத்தாறாயிரம்

ரிச்சி தெரு நிஜாமுதீன்
இரண்டு மோடத்தையும் மூன்று நாளைக்குக் கொடுத்தார்.
வேண்டாததைத் திருப்பிவிடலாம்,
அட்டைப்பெட்டி மட்டும் கிழியக் கூடாது.

ஒன்று கம்ப்யூட்டருக்குள் செருகுவது,
ஆயிரத்து நூறு.
இன்னொன்று மேசைமேல் உட்காருவது,
நெற்றியில் ஏழு சிவப்பு விளக்கு,
நாலாயிரத்து முந்நூறு, பேரம் கிடையாது.
இரண்டு அட்டையிலும் ஒரே எண்:
ஐம்பத்தாறாயிரம்.

அயனாவரத்தில் என் வீட்டுக்கு வரும் கம்பிக்கு
வாசிக்கத் தெரியாது.

பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் கோடு போட்டுக்கொண்டேன்.
பத்தரைக்கு மேல்தான் கால் கட்டணம் பாதி,
அதனால் பரீட்சை எல்லாம் ராத்திரியில்.
ஒஹையோவில் ஒரு டாக்டர்
நோயாளிகளைப் பற்றிப் பேசிய இருபது நிமிஷம்,
ஒன்பது மெகாபைட்.
ஆறு மணிக்குள் தட்டி அனுப்ப வேண்டும்.
வரிக்கு நாற்பது பைசா எனக்கு.

முதல் ராத்திரி, உள்ளே செருகியது.
கீச்சிட்டது, கரகரத்தது,
நாற்பத்துநாலாயிரம் என்றது.
ஒரு நிமிஷம் எனக்கே கர்வம்.
பன்னிரண்டாம் நிமிஷம் அறுந்தது.
மறுபடி. ஒன்பதாம் நிமிஷம்.
மாடிவீட்டில் ட்யூப்லைட் போட்டால் அறுந்தது,
போடாவிட்டாலும் அறுந்தது.
ஒவ்வொரு முறையும் புது கால்,
கோப்பு தலையிலிருந்து.
நாலு மணிக்கு நோட்டில் எழுதினேன்:
வேகம் நன்று. வரவில்லை.

மறுநாள் விளக்கு வைத்தது.
முப்பத்தோராயிரத்து இருநூறு. அவ்வளவுதான்.
"இந்த விலைக்கு மாட்டுவண்டியா?"
டியூட்டி முடிந்து வந்த ஆக்னஸ்
யூனிபாரத்தோடு நின்று சிரித்தாள்.
மாட்டுவண்டி
ஐம்பத்திரண்டு நிமிஷத்தில்
டாக்டரை வீட்டுவாசலில் இறக்கியது.

மூன்றாம் ராத்திரி மழை.
தெருமுனைப் பில்லர் பெட்டிக்குள் தண்ணீர்.
மலிவானது டயல் டோனுக்கே திணறியது.
மற்றது படிப்படியாக இறங்கியது,
இருபத்தாறு, இருபத்துநாலு, பத்தொன்பது,
ஒரு விளக்கு விட்டு விட்டு எரிய
இறங்கிக்கொண்டே கையை மட்டும் விடவில்லை.

காலையில் லைன்மேன் சிங்காரவேலு வந்தார்.
பச்சை பூத்த முனையைக் கத்தியால் சுரண்டினார்,
முறுக்கினார், டேப் சுற்றினார்,
முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.
அன்று ராத்திரி
ஆயிரத்து நூறு ரூபாய்க்காரன்
நாற்பத்தாறில் ஒரு மணி நேரம் நின்றான்,
ஒன்றுமே நடக்காத மாதிரி.

அப்படியானால் நான் மூன்று ராத்திரி
எதைத்தான் ஒப்பிட்டேன்?

எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டிருந்தேன்.
சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சொன்னார்:
"அடுத்த மழை வரைக்கும் கவலை இல்லம்மா."

மலிவானதைத் திருப்பினேன்.
பெட்டிமேல் டீ டம்ளர் வட்டம்;
நிஜாமுதீன் விரலால் தேய்த்துப் பார்த்து
நூறு ரூபாய் பிடித்துக்கொண்டார்.
விலை உயர்ந்ததற்கு ஐந்து தவணை.

இன்று டாக்டர் ஒரு முழங்காலைப் பற்றிப்
பேசிக்கொண்டிருக்கையில் நிறுத்தினார்.
பின்னால் சடசடவென்று சத்தம்.
ஹெட்போனைக் கழற்றி
ஜன்னலைத் திறந்து கையை நீட்டினேன்.

இங்கே இல்லை.
அங்கேதான் பெய்கிறது.