சிலாம்பு

மோல்மீனில் அன்று மூன்றாவது முறையாகக் கரண்ட் போயிருந்தது.
மாடிப்படியின் மூங்கில் கைப்பிடியை
மேலிருந்து கீழ்வரை
உள்ளங்கையால் வழித்துக்கொண்டே இறங்குவாள் பவளக்கொடி.
சீய்ய்ய் என்று சத்தம் வரும், அதுதான் விளையாட்டு.
ஆறாவது படியில் சத்தம் நின்றது.

"நாதே, நாதே" என்று பர்மியத்தில் அழுதாள்.
பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் சூ சூ மோன்.
வலி எப்போதும் அந்த மொழியில்தான் வருகிறது;
சோறு கேட்பது மட்டும் தமிழில்.
தனகா பூசிய கன்னத்தில்
கண்ணீர் இரண்டு தெரு போட்டிருந்தது.

பகலெல்லாம் கைப்பேசி பழுது பார்ப்பவன் நான்.
பாதி அரிசியளவு திருகாணியை
மூச்சு விடாமல் எடுத்துவிடுவேன்.
ஆனால் எந்தக் கைப்பேசியும் இதுவரை
என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு
"அப்பா வேணாம்" என்றதில்லை.

கடை இடுக்கியை எடுத்தேன்.
"ஈயம் தொட்டதையா பிள்ளை கையில வைப்பீங்க?"
மரகதம் பிடுங்கிக்கொண்டாள்.
தன் புருவ இடுக்கியைக் கொதிநீரில் போட்டாள்.
மூவரும் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
அதற்குள் அழுகை ஒரு சுற்று முடிந்து
விக்கலாகிவிட்டது.

சோப்புப் போட்டு என் கை, பிறகு அவள் கை.
"கொஞ்ச நேரம் ஊற வச்சா இளகிடும்."
"மூங்கில் தண்ணி குடிச்சா ஊதும், சும்மா இருங்க."
ஊதுவதற்கு இடம் ஏது
அவ்வளவு சின்னக் கையில்?

கடையின் வட்ட உருப்பெருக்கி விளக்கு,
பேட்டரியில் எரிவது, மேசைக்கு வந்தது.
கண்ணாடிக்குள் அவள் கை
நான் போகாத ஊர்போல விரிந்தது:
வாய்க்கால் வாய்க்காலாய் ரேகைகள்,
சோப்புக்கும் தப்பிய பேனா மை ஒரு மடிப்பில்,
கட்டைவிரல் மேட்டில், தோலுக்கடியில்
சாய்ந்து படுத்திருந்தது
ஒரு பழுப்புக் கோடு.
நுனி மட்டும் வெளியே.

அமுக்கக் கூடாது. அமுக்கினால் முறியும்.
முறிந்தால் தோண்டவும் கூடாது,
காலையில் ஆஸ்பத்திரி வரிசைதான்.
யாரும் சொல்லித் தரவில்லை இதை.
என் வலது குதிகாலில் பத்து வருஷமாய்க்
குடியிருக்கும் கரும்புள்ளி சொன்னது.

நுழைந்த சாய்விலேயே திரும்ப வேண்டும் அது.
வேறு வழி கிடையாது,
அதற்கும் எனக்கும்.

"எண்ணும்மா."
தித். நித். தோன்.
நாலில் தமிழுக்கு மாறினாள்,
ஏனென்று தெரியவில்லை.
நாலு. அஞ்சு.
ஆறில் என் விரல் நடுங்கியது.
கடையில் நடுங்காத விரல்.
நிறுத்தினேன். தகரத்தில் மழை
யாரோ ஆணி கொட்டுவது போல.
மரகதம் சுவரைப் பார்த்தபடி
"எடுக்கறீங்களா, நான் எடுக்கவா?"
ஆறு, மறுபடியும்.
ஏழை யாரும் சொல்லவில்லை.
வந்துவிட்டது.

ஒரு சொட்டு ரத்தம்,
அதுவும் யோசித்து யோசித்து.
மறுபடி சோப்பு, ஓடும் நீர், சுத்தத் துணி.
தடுப்பூசி அட்டையைத் தேடி
மரகதம் பெட்டிக்குள் பாதி மறைந்திருந்தாள்.

வெள்ளைத் தாளில் வைத்து நீட்டினேன்.
ஒரு காற்புள்ளி.
அதைவிட மெலிசு.
பவளக்கொடி கண்ணைத் துடைத்து,
விளக்கைத் தன் பக்கம் இழுத்து,
நெடுநேரம் பார்த்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்,
போலி உதிரிபாகம் கொடுத்த கடைக்காரனைப்
பார்க்கிற பார்வை.

"இது இல்லப்பா.
என்னுது பெரிசு."