நிரந்தர வருமானம்

லீசிங் கம்பனித் தம்பி அபிலக்ஷன்
படிவத்தின் ஏழாம் கேள்வியில் பேனையை ஊன்றிக்கொண்டு கேட்கிறான்:
"கமராவால எப்பிடியக்கா உழைக்கிறியள்?
ஒவ்வொண்டாச் சொல்லுங்கோ, எழுதுறன்."

கடன், ஒரு லென்ஸுக்கு.
கடை, மல்லாவிச் சந்தியில் இருந்து மூன்றாவது.
தகரக் கூரை, ஒரு மின்விசிறி, ஒரு நீலத்திரை.
எழுது தம்பி.

அடையாள அட்டைப் படம்.
சாதாரணதரப் பிள்ளைகள் வரிசையாய் வருவார்கள்,
காதைக் காட்டச் சொன்னால் பல்லையும் காட்டுவார்கள்.
கடவுச்சீட்டுக்கு வருபவர்களுக்கு
சிரிக்காதே என்று சொல்லத் தேவையில்லை.

சாமத்திய வீடு.
பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் குடையோடு
வவுனிக்குளத்து அணைக்கட்டில் நிறுத்தச் சொல்வது
ஸ்காபரோவில் இருக்கிற மாமா.
காசும் அவருடையது.
பிள்ளைக்குக் கால் நோகிறது என்று நான் சொல்வது
கணக்கில் ஏறாது.
ட்ரோனும் கேட்பார்கள், வாடகைக்கு எடுப்பேன்.
அது இரைந்துகொண்டு மேலெழும்ப
பந்தலுக்குள் இருப்பவர்களில் சிலர்
சட்டென்று தலையைக் குனிவார்கள்.
அந்த இடத்தை வெட்டிவிட்டுத்தான் கொடுப்பேன்.

யானை.
ஏன் பார்க்கிறாய், யானையும் வருமானம்தான்.
நட்டாங்கண்டல் வயலில் இரவு இறங்கினால்
விடியமுதல் எனக்கு அழைப்பு: நட்டஈட்டுக்குப் படம் வேணும்.
கால்தடத்துக்குப் பக்கத்தில் ஒரு செருப்பை வைப்பேன்,
அளவு தெரியவேண்டும் அல்லவா.
அவர்களுக்கு வருமோ வராதோ,
எனக்கு ஆயிரத்து ஐந்நூறு. சிலவேளை அரைமூட்டை நெல்.

காணிப் படம்.
நோர்வேயில் இருந்து ஒருவர்:
"பங்குக்கிணறு கிடக்கோ? எட்டிப் பாத்து எடுங்கோ."
எட்டிப் பார்த்தேன். தண்ணீர் இருந்தது.
தண்ணீருக்குள் என் தலையும் கமராவும் இருந்தன.
அனுப்பினேன். "இது ஆர்?" என்று கேட்டார்.
காசு வந்தது.

தொண்டு நிறுவனத்துக்கு, ஆடு பெற்ற பெண் ஆட்டோடு.
"சிரிக்கட்டும், ஆனால் நிறைய வேண்டாம்."
நாளுக்கு எட்டாயிரம்.
ஆடு மட்டும் எல்லாப் படத்திலும் ஒழுங்காய் நின்றது.

செத்தவீட்டுப் படத்தை எழுதாதே.
பழைய அட்டையில் இருந்து முகத்தைப் பெருப்பித்து
சட்டை மாற்றிச் சட்டம் போட்டுக் கொடுப்பேன்.
கண்ணாடியின் விலை மட்டும். கைக்கூலி வாங்குவதில்லை.

அவன் கூட்டிப் பார்க்கிறான்.
"எல்லாம் மாறி மாறி வாற காசு அக்கா.
கம்பனி கேக்கிறது நிரந்தர வருமானம்."

ஒன்று இருக்கிறது தம்பி.

யோகபுரத்தில் இருந்து பவளமலர் என்று ஒரு அம்மா.
ஒவ்வொரு ஆவணியும், மகன் பிறந்த நாளில், முதல் பஸ்ஸில்.
முதல்முறை கொண்டுவந்தது தண்ணீர் பட்ட அட்டை:
பத்தொன்பது வயது, ஒரு கண்ணும் பாதி வாயும் மிச்சம்.
மற்றப் பாதியைத் தாயின் முகம் பார்த்து வரைந்தேன்.
காசு வேண்டாம் என்றேன்.
மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றா.
"நீ ஆருக்குக் காசு வாங்கிறேல்லை எண்டு
ஊருக்கே தெரியும்.
என்ர பிள்ளைக்கு வாங்கு."

வாங்கினேன். ஐந்நூறு.

அதன்பிறகு வருடத்துக்கு ஒருமுறை,
"ஒரு வயசு கூட்டித் தா."
கூட்டினேன். முதலில் மீசை தடித்தது.
பிறகு நெற்றி கொஞ்சம் மேலேறியது,
தகப்பனுக்கும் அப்படித்தான் என்றா.
போன ஆவணியில் காதோரம் ஒரு நரை வைத்தேன்.
"ரெண்டு வை. வெயிலுக்க நிண்டு
வேலை செய்யிற பிள்ளையாயிருக்கும்."

விலையை மட்டும் நான் கூட்டவில்லை.
பன்னிரண்டால் பிரித்தால் மாதத்துக்கு
நாற்பத்தொரு ரூபாய் அறுபத்தேழு சதம்.
எழுது.

அபிலக்ஷன் எழுதுகிறான்.
அடுத்த கட்டத்தில் பேனை நிற்கிறது.
"எத்தினை வருசத்துக்கு எண்டு போடுறது, அக்கா?"